கமிஷனர் வேட்பாளரிடம் எதைக் கேட்பது? ஹூஸ்டன் வட்டாரக் கேள்வி பதில்

டெக்சாஸில் 2026 நவம்பர் 3 அன்று கவுன்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தலைவரான கவுன்டி ஜட்ஜ் பதவிக்கும், 2, 4 ஆகிய பிரீசிங்க்ட்களின் (கவுன்டியின் உட்பிரிவுகள்) கமிஷனர் பதவிகளுக்கும் தேர்தல். நான்கு கமிஷனர்களும் ஜட்ஜும் சேர்ந்ததுதான் கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில் கோர்ட் இருந்தாலும் கவுன்டியின் பட்ஜெட்டும் நிர்வாகமும்தான் அதன் வேலை. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சைப்ரஸ்): அக்கா, எங்கள் பகுதியில் இரண்டு வேட்பாளர்களுமே சொத்து வரியைக் குறைப்போம் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: முதலில் உங்கள் வரி பில்லைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகும். மட் டாக்ஸ் (குடிநீர், கழிவுநீர் வசதிக்கான வட்டார வரி) இருந்தால் அதற்குத் தனி போர்டு. வீட்டின் மதிப்பைக் கணிப்பது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். இவை எதையும் கமிஷனர் தீர்மானிப்பதில்லை. ஹூஸ்டனின் பெரும்பகுதி உள்ள ஹாரிஸில் கவுன்டி, வெள்ளக் கட்டுப்பாடு, ஹாரிஸ் ஹெல்த் (பொது மருத்துவமனைகள்), துறைமுகம் ஆகியவற்றின் வரி விகிதத்தில்தான் அவர் ஓட்டுப் போடுவார். 2019 சட்டப்படி, ஏற்கெனவே உள்ள சொத்துகளிலிருந்து வரும் கவுன்டி வரி வருமானம் 3.5 சதவீதத்துக்கு மேல் கூடுகிற மாதிரி விகிதம் வைத்தால் மக்களிடம் ஓட்டுக்கு வர வேண்டும்.

ஹோம்ஸ்டெட் விலக்கை (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் வரி போடாமல் விடும் பங்கு) கூட்டுவேன் என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். கவுன்டி தன் விருப்பப்படி தரக்கூடிய உச்ச விலக்கு 20 சதவீதம். ஹாரிஸ் அதை ஏற்கெனவே தருகிறது. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்தச் செலவை வெட்டுவீர்கள்?" ஷெரிஃப் துறையும் சிறையும் பட்ஜெட்டில் பெரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதைத் தொடாமல் வரி குறைப்பேன் என்பவர் வேறு எதைத் தொடுவார் என்று சொல்லட்டும்.

கேள்வி (ஹூஸ்டன் வடமேற்கு): 2017 ஹார்வி புயலில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வெள்ளம் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எனக்கு இந்தத் தேர்தலில் மிக முக்கியமான விஷயம் இதுதான். ஹார்வி வந்து சரியாக ஓராண்டில், 2018 ஆகஸ்ட் 25 அன்று, 250 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஹாரிஸ் மக்கள் பெரும் ஆதரவுடன் ஓட்டுப் போட்டார்கள். வெள்ளத் தடுப்பு வேண்டுமா என்பதில் இங்கே யாருக்கும் சண்டையில்லை. எந்தப் பகுதிக்கு முதலில் என்பதில்தான் சண்டை.

மத்திய அரசின் நிதி பெரும்பாலும் செலவுக்கு எவ்வளவு பலன் என்று கணக்குப் பார்த்து வருகிறது. விலை உயர்ந்த வீடுகள் உள்ள பகுதியில் பலன் அதிகமாகத் தெரியும். ஏழை வட்டாரங்கள் பின்தள்ளப்படும். அதனால் 2019-இல் கமிஷனர்ஸ் கோர்ட் ஒரு முன்னுரிமை முறையைக் கொண்டுவந்து, வெள்ள அபாயத்தோடு மக்களின் பொருளாதார நிலையையும் சேர்த்துக்கொண்டது. இதை ஆதரிப்பவர்களும் உண்டு, தங்கள் பகுதிக்கு நியாயம் இல்லை என்பவர்களும் உண்டு. அந்த முறை சரி என்பது என் கருத்து. கையில் பணம் உள்ள குடும்பம் வெள்ளத்துக்குப் பிறகு எழுந்துவிடும். மற்றவர்களுக்கு அது எளிதில்லை. நீங்கள் உடன்படாமல் இருக்கலாம். ஆனால் வேட்பாளர் எந்தப் பக்கம் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும்.

அப்புறம் பராமரிப்பு. வெட்டிய கால்வாயைத் தூர்வாராமல் விட்டால் என்ன பயன்? 2024 நவம்பரில் பராமரிப்புக்காக வெள்ளக் கட்டுப்பாட்டு வரியைக் கூட்ட மக்களே சம்மதித்தார்கள். வரியைக் குறைப்பேன், கால்வாயையும் சுத்தமாக வைப்பேன் என்று ஒரே மேடையில் சொல்பவரிடம் இந்தப் பணத்தை என்ன செய்வார் என்று கேளுங்கள். உங்கள் ஓடை சைப்ரஸ் கிரீக்கா, ஒயிட் ஓக் பயோவா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அங்குள்ள திட்டம் வடிவமைப்பில் இருக்கிறதா, வேலை நடக்கிறதா என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டுப்பாடம் செய்தவர்.

கேள்வி (கேட்டி): எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் கான்கிரீட் ஆலை வரப்போகிறது. தடுப்பேன் என்கிறார் ஒரு வேட்பாளர். முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. டெக்சாஸில் கவுன்டிகளுக்குப் பொதுவாக ஜோனிங் அதிகாரம் (எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று தீர்மானிப்பது) இல்லை. காற்று மாசு அனுமதி தருவது மாநில அமைப்பு. கவுன்டி அங்கே எதிர்ப்பைப் பதிவு செய்யலாம், வெள்ளச் சமவெளி விதிகளைக் கடுமையாக்கலாம், விதி மீறினால் வழக்குப் போடலாம். இவற்றில் எதைச் செய்வார் என்று சொன்னால் நம்பலாம். இன்னொன்று: கேட்டி ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்று கவுன்டிகளில் விரிந்திருக்கிறது. உங்கள் வீடு எதில் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ரிச்மண்ட்): எஃப்.எம் 1093 சாலை நெரிசலுக்கு யாரைப் பிடிப்பது?

பதில்: எஃப்.எம் என்று தொடங்கும் சாலைகள் மாநிலத்தின் பொறுப்பு. நகர எல்லைக்குள் உள்ள தெரு நகராட்சியுடையது. கமிஷனரிடம் கேட்க வேண்டியது கவுன்டி சாலைகளைப் பற்றி.

கேள்வி (ஷுகர் லேண்ட்): நான் ஹெச்1பி, மனைவிக்கு கிரீன் கார்டு. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: இருவருக்கும் ஓட்டு இல்லை. தெரியாமல்கூட வாக்காளராகப் பதிவு செய்துவிடாதீர்கள், குடியுரிமைக்கே ஆபத்தாகும். ஹெச்1பியில் இருப்பவர் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரக்கூடாது; கிரீன் கார்டு உள்ளவர் தரலாம். ஆனால் கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்தில் இருவருமே போய்ப் பேசலாம். அஜெண்டாவில் உள்ள விஷயங்களில் மக்கள் பேச இடம்தர வேண்டும் என்று 2019 முதல் சட்டமே இருக்கிறது.

கேள்வி (ஸ்பிரிங்): பேச்சை விடுங்கள். இப்போதைய கமிஷனர் உண்மையில் என்ன செய்தார் என்று எங்கே பார்ப்பது?

பதில்: கூட்ட வீடியோவும் ஓட்டு விவரமும் கவுன்டி இணையதளத்தில் இருக்கின்றன. தேர்தலுக்கு 30 நாளும் 8 நாளும் முன்பு வேட்பாளர்கள் நன்கொடைக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கமிஷனர் தேர்தலில் தனிநபர் நன்கொடைக்கு உச்சவரம்பு இல்லாததால் அதைக் கட்டாயம் படியுங்கள். கவுன்டி ஒப்பந்தம் வாங்கும் பொறியியல் நிறுவனங்களோடு தொடர்புள்ளவர்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரே பட்டனில் கட்சி முழுவதற்கும் ஓட்டுப் போடும் வசதி 2020-இலேயே போய்விட்டது. கமிஷனர் பெயர் பட்டியலில் வெகு கீழே வரும். பொறுமையாக அதுவரை போங்கள். வாக்குச்சாவடியில் போனைத் திறக்கக்கூடாது. யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போகலாம்.