ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

அன்புள்ள ஐயா,

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்குக் கிளாக்கோமாவால் பார்வை போய்விட்டது. மடிக்கணினியில் லோட்டஸ் எஃப்எம்மின் தமிழ் நிகழ்ச்சியும் தேவாரமும் கேட்பார். கரண்ட் போனது தெரியாமல் பேட்டரி தீர்ந்து பாதியில் அணைந்துவிடுகிறது. அதனால் லினக்ஸில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நேரம், பேட்டரி, சூடு, வட்டில் மிச்சமுள்ள இடம் எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் நிரல் தமிழில் சொல்லும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் போட்டால் ஊமையாக இருக்கிறது என்று டெர்மினலில் லூப்பாக ஓடவிட்டிருக்கிறேன். அம்மாவோ "நிறுத்துடா அதை" என்கிறார். குரல் இயந்திரம் போல இருப்பதால்தான் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நல்ல தமிழ்க் குரல் எது?

சாட்ஸ்வர்த் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

குரலின் மேல் பழி போடாதீர்கள். அது பதிகம் பாடப்போவதில்லை, "பேட்டரி முப்பது" என்று சொல்லப்போகிறது, அவ்வளவுதான். ஈஸ்பீக்கின் இயல்பான வேகம் நிமிடத்துக்கு 175 சொல். 'மைனஸ் எஸ்' கொடுத்து அதை 130 ஆக்குங்கள். 'மைனஸ் ஜி' 5 என்றால் சொற்களுக்கு நடுவே கொஞ்சம் மூச்சு கிடைக்கும். மேக்கில் வாணி, விண்டோஸில் வள்ளுவர் என்று மென்மையான குரல்கள் உண்டுதான். அவற்றை வைத்து இதே ஸ்கிரிப்டை ஓட்டினாலும் அம்மா நிறுத்தத்தான் சொல்வார்.

க்ரான் ஊமையானது சின்ன விஷயம். க்ரான் உங்கள் லாகினுக்கு வெளியே ஓடுகிறது, ஒலி சர்வர் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஸ்கிரிப்டின் தலையில் 'எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர்' மாறிக்கு ரன், யூசர், 1000 என்ற பாதையைக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். (1000 என்பது முதல் பயனரின் எண். உங்களுடையதை 'ஐடி மைனஸ் யூ' போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதைவிட நல்லது, க்ரானை விட்டுவிட்டு, அதே வேலையை உங்கள் லாகினுக்குள்ளேயே செய்யும் சிஸ்டம்டியின் பயனர் டைமருக்கு மாறுவது.

இனி, நான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்த விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 12 முறை. முறைக்கு நான்கு வாக்கியம், ஆக 48 வாக்கியம். ஓதுவார் குரல் எடுத்து ஒரு அடி போவதற்குள் "வட்டில் அறுபத்தொரு விழுக்காடு" என்று ஒருவன் குறுக்கே விழுந்தால் நீங்கள் பொறுப்பீர்களா? திரையின் மூலையில் கிடக்கும் எண்ணைக் கண் தாண்டிப் போய்விடும். காதால் அப்படித் தாண்ட முடியாது, பேசி முடிக்கும்வரை அது மாட்டிக்கொண்டதுதான். கண் தெரிந்தவர்கள் எழுதும் பேசும் ஸ்கிரிப்டுகளில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான் கெடுகின்றன. தானும் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய, விண்டோஸில் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏவைப் பாருங்கள். சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் சொல்லும். மற்றபடி பேட்டரி எவ்வளவு என்று விசையை அழுத்திக் கேட்டால்தான் வாயைத் திறக்கும்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துவைத்து, இதைக் கேட்டதும் அம்மாவின் கை ஏதாவது செய்யுமா என்று பாருங்கள். வட்டின் இடத்தை வைத்து அவர் என்ன செய்வார்? அது உங்கள் கவலை, ஒரு கோப்பில் எழுதிவைத்து நீங்கள் படியுங்கள். சூடும் அப்படியே. (லினக்ஸ் அதை ஆயிரத்தால் பெருக்கித் தருகிறது, வகுக்காமல் விட்டால் "ஐம்பத்து நாலாயிரம்" என்று வாசித்து வீட்டையே கலவரப்படுத்தும்.) மிஞ்சுவது மூன்றே செய்தி: கரண்ட் போயிற்று, கரண்ட் வந்தது, பேட்டரி குறைந்தது.

டைமர் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடட்டும், ஆனால் பேசாமல் ஓடட்டும். போன முறை பார்த்த நிலையை ஒரு கோப்பில் வைத்து, இப்போதைய நிலையோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும். கரண்ட் இருக்கிறதா என்பதை பேட்டரியின் 'ஸ்டேட்டஸ்' கோப்பில் தேடாதீர்கள். 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் மடிக்கணினிகள் செருகியிருக்கும்போதே 'நாட் சார்ஜிங்' என்று சொல்லும், ஸ்கிரிப்டும் நம்பி "கரண்ட் போயிற்று" என்று புலி வருது கதை பண்ணும். 'பவர்_சப்ளை' கோப்புறைக்குள் ஏசி, ஏகேட், ஏடிபி1 என்று ஏதோ ஒரு பெயரில் சார்ஜருக்குத் தனிக் கோப்புறை இருக்கும். அதற்குள் 'ஆன்லைன்' கோப்பில் 1 அல்லது 0. அதை நம்புங்கள்.

பேட்டரிக்கு 50, 30, 15 என்று மூன்று படி போதும். ஒரு படியைச் சொன்னபின், சார்ஜ் ஏறி அதைவிட 5 மேலே போகும்வரை அதே படியை மறுபடி சொல்லக்கூடாது. இல்லாவிட்டால் 30-க்கும் 31-க்கும் நடுவே ஊசலாடும்போதெல்லாம் புலம்பும். பேட்டரி பழசா என்றும் பாருங்கள். 'சார்ஜ்_ஃபுல்' எண்ணை 'சார்ஜ்_ஃபுல்_டிசைன்' எண்ணால் வகுத்தால் பாதிக்குப் பக்கத்தில் வருகிறதென்றால், 30-இலிருந்து திடீரென்று சரிந்து அணைய வாய்ப்பு அதிகம். படிகளை 60, 40, 25 என்று உயர்த்திவிடுங்கள்.

லோட்-ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு 2023-ஐப் போல இப்போது இல்லை என்றாலும், அந்தக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இருந்தால் இதெல்லாம் பொய்த்துவிடும். மடிக்கணினிக்குச் சுவரில் மின்சாரம் வந்துகொண்டேதானே இருக்கும்? இன்வெர்ட்டரில் சேராத ஒரு சாக்கெட்டில் மலிவான வைஃபை பிளக் ஒன்றைச் செருகி, அதற்குப் பிங் ("இருக்கிறாயா?" என்று வலையில் கேட்கும் சிறு அழைப்பு) அனுப்புங்கள். ரவுட்டர் மட்டும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று பிங்குக்குப் பதில் இல்லையென்றால் கரண்ட் போயிற்று என்று கொள்ளலாம். ஒரு பிங்கை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், வைஃபை அவ்வப்போது தும்மும்.

வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்றும் யோசியுங்கள். தூங்கிக் கிடக்கும் ஒலி அட்டையோ புளூடூத் ஸ்பீக்கரோ விழிப்பதற்குள் முதல் சொல் விழுங்கப்படும். "முப்பது" போய் "விழுக்காடு" மட்டும் கேட்டால் என்ன பயன்? "அம்மா, கரண்ட் போயிடுச்சு. பேட்டரி எண்பது" என்று எழுதுங்கள். விழுங்கினாலும் "அம்மா"தான் போகும், விழுங்காவிட்டால் மகன் கூப்பிட்ட மாதிரி இருக்கும். குறியீடு வேண்டாம், விழுக்காடும் வேண்டாம். இரவு பத்துக்கு மேல் கடைசிப் படி தவிர மற்றதெல்லாம் வாயை மூடட்டும்.

நேரத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை, அது அவர் கேட்டால் வர வேண்டியது. உங்கள் லினக்ஸின் திரைச்சூழல் க்னோம் என்றால், அதன் அமைப்புகளில் விசைப்பலகைக்குப் போய் எஃப்9-க்கு ஒரு தனிக் குறுக்குவழி வையுங்கள். அழுத்தினால் நேரமும் பேட்டரியும், பேசும்போதே மறுபடி அழுத்தினால் 'பிகில்' கட்டளையால் ஈஸ்பீக் நிற்க வேண்டும். சில மடிக்கணினிகளில் எஃப்9 ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றும், முதலில் எஃப்என் பூட்டைச் சரிபாருங்கள். விசையின் மேல் மேடான ஒட்டுப்புள்ளி ஒன்றை ஒட்டி, அம்மாவின் விரலைப் பிடித்து ஒருமுறை காட்டிக்கொடுங்கள். அந்த லூப்பை இன்று இரவே நிறுத்திவிடுங்கள்.