காது வரைக்கும் ஏறுற ஜாக்கெட்டை என்ன பண்றது? டைவிங் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, போன மாசம்தான் புதுச்சேரில ஓப்பன் வாட்டர்ங்கிற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடிச்சேன். ஹைட் 4 அடி 10, வெயிட் 43 கிலோ. கோர்ஸ் முழுக்க சென்டர்ல இருந்த ஸ்மால் சைஸ் பிசிடிதான் (டேங்க்கை மாட்டிக்கிட்டு, காத்து அடிச்சு மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற ஜாக்கெட்) குடுத்தாங்க, பெல்ட்டை எவ்வளவு இழுத்தாலும் லூஸ், மேல வந்து காத்து அடிச்சா காது வரைக்கும் ஏறிடுது, கீழ போனா டேங்க் ஒரு பக்கமா உருளுது. இன்ஸ்ட்ரக்டர் "பழகிடும்"னு சொல்றார். சொந்தமா வாங்கலாம்னு இருக்கேன். எல்லா பிராண்டுலயும் லேடீஸ் மாடல்னு ஒண்ணு வச்சிருக்கான், அதுல எக்ஸ்எஸ் வாங்கினா போதுமா?
– வாசகி, கடலூர்

பதில்: பழகாதும்மா. நீங்க சொல்ற மூணு தொல்லையும் உங்க டைவிங்ல உள்ள குறை இல்ல, மூணுக்கும் காரணம் அளவுதான். மேல காத்து அடிச்சதும் பிசிடி மேல போகப் பாக்கும், உங்க உடம்பும் நீங்க கட்டிக்கிற ஈய வெயிட்டும் கீழ இழுக்கும், நடுவுல இடுப்புல பிடிமானம் இல்லன்னா அது கழுத்தைத் தாண்டி காதுக்குத்தான் வரும், வேற எங்க போகும்? டேங்க் உருளுறதும் அதே கதைதான், ஜாக்கெட் உடம்போட ஒட்டாம தனியா நிக்குது.

லேடீஸ் மாடல் போதுமான்னா, சிலது போதும், சிலது கலர் மட்டும்தான் லேடீஸ். நல்லா யோசிச்சு பண்ண மாடல்ல முதுகு நீளம் கம்மியா இருக்கும், தோள் பட்டை நேரா இறங்காம மார்பைச் சுத்தி வளைஞ்சு வரும், நெஞ்சுப் பட்டையை மேல கீழ நகர்த்திக்கலாம். இது மூணும் இல்லாம ஓரத்துல பிங்க் பைப்பிங் மட்டும் இருந்தா அதை அங்கேயே வச்சிட்டு வந்துடுங்க.

சைஸ் சார்ட்ல ஹைட்டும் வெயிட்டும்தான் பெருசா போட்டிருப்பாங்க, ஆனா நமக்கு வேண்டியது முதுகு நீளம். தலையைக் குனிஞ்சா கழுத்துக்குப் பின்னாடி ஒரு எலும்பு துருத்தும்ல, அங்கேருந்து இடுப்பு எலும்போட மேல்விளிம்பு வரைக்கும், ப்ளவுஸுக்கு டெய்லர் அளவு எடுக்கிற மாதிரி டேப் வச்சு யாரையாவது எடுக்கச் சொல்லுங்க. 4 அடி 10 இருக்கிற ரெண்டு பேருக்கு இந்த அளவு ஒண்ணாவே இருக்காது, ஒருத்திக்கு கால் நீளம், இன்னொருத்திக்கு முதுகு நீளம். அந்த அளவை வச்சுக்கிட்டு பிசிடியோட பின்பலகையைப் பாருங்க, அது உங்க முதுகை விட நீளமா இருந்தா இடுப்புப் பட்டை இடுப்புல உக்காராது, தொடை மேல போய் தொங்கும்.

கடைல போட்டுப் பாக்குறப்போ டி-ஷர்ட் மேல போட்டு கண்ணாடி பாத்துட்டு வர்றது வேஸ்ட். டைவிங்குக்குப் போடுற ரப்பர் உடையான வெட்சூட்டை கையோட கொண்டு போங்க, டேங்க் மாட்டித் தரச் சொல்லுங்க, காத்து அதிகமானா தானா வெளிய விடுற ஓவர்ஃப்ளோ வால்வ் சத்தம் போடுற வரைக்கும் முழுசா காத்து அடிங்க. அடிச்சிட்டு ஆழமா மூச்சு இழுங்க, விலா எலும்பை இறுக்கினா வேண்டாம், உடம்பைச் சுத்தி உப்புற சில ஜாக்கெட் டைப் பிசிடி உப்பினதும் சின்ன உடம்பை அப்படியே அமுக்கும். அப்புறம் யாரையாவது ரெண்டு தோள் பட்டையையும் பிடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க, ரெண்டு மூணு விரல் கனத்துக்கு மேல எழும்பினா லூஸ்னு அர்த்தம். கம்மர்பண்ட்னு சொல்ற அகலமான வெல்க்ரோ பட்டை ரெண்டு முனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் போய் முதுகையே தொடுற அளவுக்கு சுத்துதுன்னா அதை விட சின்னதா கேளுங்க. கடைசியா அந்த நிலைலயே இடது கையால காத்து ஏத்துற இன்ஃப்ளேட்டர், வலது கையால பின்னாடி இடுப்புகிட்ட இருக்கிற, காத்தை வெளிய விடுற டம்ப் வால்வோட கயிறு, ரெண்டும் பாக்காம எட்டுதா? கை சின்னதா இருக்கிறவங்களுக்கு இந்தக் கயிறுதான் எட்டாம போகும், கடைக்காரங்க இதைச் சொல்லவே மாட்டாங்க.

இன்னொண்ணு, "லிஃப்ட் (தூக்கி மிதக்க வைக்கிற சக்தி) அதிகமா இருந்தா சேஃப்டி"ன்னு பெரிய பிசிடியை தலைல கட்டுவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 11 லிட்டர் அலுமினியம் டேங்க்ல 200 பார் அழுத்தத்துக்கு காத்து அடைச்சா உள்ள இருக்கிற காத்தோட எடை மட்டும் ரெண்டரை கிலோ சொச்சம். நம்ம கடலோட வெதுவெதுப்புக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும், உங்க சைஸ் சூட் ஆழத்துல அமுங்கி இழக்கிற மிதப்பு ஒண்ணு, ஒன்றரை கிலோ வரும். ஆக பிசிடி ஈடு கட்ட வேண்டியது நாலஞ்சு கிலோ, மேல தலையை வெளிய வச்சுக்க இன்னும் கொஞ்சம். 10 கிலோ லிஃப்ட் தாராளம். லேபிள்ல நியூட்டன்ல போட்டிருந்தா 10 நியூட்டன் ஒரு கிலோன்னு வச்சுக்கோங்க, அதாவது 100 நியூட்டன் போதும். அதுக்கு மேல இருக்கிற பை எல்லாம் தண்ணில இழுக்கிற சுமைதான், அதுக்குள்ள காத்து அங்கேயும் இங்கேயும் ஓடி உங்களைச் சாய்க்கும்.

என் சாய்ஸ் கேட்டா, உங்க அளவுக்கு ஜாக்கெட் டைப்பை விட பின்பக்கம் மட்டும் உப்புற டைப்தான். முன்னாடி இறுக்காது, நெஞ்சு ஃப்ரீ. ஸ்கூபாப்ரோ ஹைட்ரோஸ் ப்ரோல பொம்பளைங்களுக்குன்னு தனி வெர்ஷன் இருக்கு, விலைதான் கைய கடிக்கும். அக்வா லங் ரோக், அவுட்லா ரெண்டும் தோள், முதுகு, இடுப்புன்னு மூணு பாகத்தையும் தனித்தனி சைஸ்ல எடுத்து சேத்துக்கலாம், மேல ஒரு சைஸ் கீழ ஒரு சைஸ் இருக்கிறவங்களுக்கு இது வரப்பிரசாதம். பேக்ப்ளேட்டும் விங்கும் (முதுகுல ஒரு தகடு, அதுக்குப் பின்னாடி தனியா காத்துப் பை) பிடிச்சா சின்ன ப்ளேட்டா பாத்து அலுமினியத்துல வாங்குங்க, பட்டையை உங்க உடம்புக்கு வெட்டிக்கலாம், தொடை நடுவுல வர்ற க்ராட்ச் ஸ்ட்ராப் இருக்கிறதால காதுக்கு ஏறுற பேச்சே கிடையாது. அந்தமானுக்கு ஃப்ளைட்ல போறவங்களுக்கு 15 கிலோ லக்கேஜ்ல பிசிடியோட எடையும் கணக்குதான், அதையும் கேட்டு வாங்குங்க.

கேள்வி: பின்பக்கம் உப்புறது தண்ணி மேல முகத்தைக் குப்புறத் தள்ளும்னு சொல்றாங்களே, பயமா இருக்கு.
– வாசகி, கோவை

பதில்: தள்ளும், முழுசா அடிச்சா. தலை வெளிய வர்ற அளவுக்கு மட்டும் அடிச்சிட்டு லேசா பின்னாடி சாஞ்சுக்கிட்டா சோஃபால உக்காந்த சுகம். அப்பவும் தள்ளினா வெயிட் எல்லாம் முன்பக்கம் இருக்குன்னு அர்த்தம், அதுல ஒரு கிலோ, ஒன்றரை கிலோவை டேங்க் பட்டைல இருக்கிற பாக்கெட்டுக்கு மாத்துங்க. ஜாக்கெட் டைப் வாங்கினா மட்டும் முகம் மேலயே இருக்கும்னு நம்பாதீங்க, ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் ஈஎன் 1809 போட்ட எந்த பிசிடி லேபிளை வேணா படிங்க, இது லைஃப் ஜாக்கெட் இல்ல, தலையை மேல வைக்கும்னு உத்தரவாதம் இல்லன்னு அதுலயே இருக்கும்.

கேள்வி: வாங்க வசதி இல்ல மேடம், வருஷத்துக்கு ஒரு தடவதான் டைவ் பண்றேன். வாடகை பிசிடிய வச்சே சமாளிக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமா. புக் பண்றப்பவே ஹைட், வெயிட் சொல்லி எக்ஸ்எஸ் இருக்கான்னு கேளுங்க, சில இடத்துல பசங்களுக்கு வச்சிருக்கிற டபுள் எக்ஸ்எஸ் கிடைக்கும், வெக்கப்படாம போட்டுக்கங்க. க்ராட்ச் ஸ்ட்ராப் தனியா விக்குது, ரெண்டு இஞ்ச் பட்டை, பிசிடியோட டேங்க் பெல்ட்டுல கோத்து முன்னாடி இடுப்புப் பட்டைல மாட்டிக்கலாம், வாடகை ஜாக்கெட்டையே ஆளை மாத்திடும். வெயிட் பெல்ட்டை இடுப்புல கட்டினா மட்டும் அது க்ராட்ச் ஸ்ட்ராப்புக்கு வெளிய இருக்கணும், அவசரத்துல கழட்டினா மாட்டாம விழணும்ல.

டேங்க் வால்வ் தலைல இடிச்சா டேங்க்கை ரெண்டு இஞ்ச் இறக்கிக் கட்டச் சொல்லுங்க. இறக்கினா அடிப்பக்கம் பின்னாடி இடிக்குதுன்னா டேங்க்கே உங்களுக்கு நீளம், 9 லிட்டர் டேங்க் இருக்கான்னு கேளுங்க, அது பத்து சென்டிமீட்டர் கிட்ட குட்டை. சின்ன உடம்புக்கு காத்தும் கம்மியாதான் செலவாகும், முன்னாடி மேல வந்துடுவோமோன்னு கவலைப்பட வேண்டாம். அப்புறம் ஏணில மொத்த சுமையோட ஏறணும்னு யாரும் சட்டம் போடல, மேல வந்ததும் தண்ணிலயே வெயிட்டை முதல்ல குடுத்துட்டு பிசிடியைக் கழட்டி போட்காரங்ககிட்ட குடுங்க, தூக்கிப்பாங்க.

கேள்வி: பொண்ணுக்கு 11 வயசு, ஜூனியர் ஓப்பன் வாட்டர் சேர்த்திருக்கோம். அவளுக்குச் சொந்தமா பிசிடி?
– ஒரு அப்பா, சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் சார். பேடிங்கிற (PADI) டைவிங் பயிற்சி அமைப்புல 10 வயசுலயே சேக்குறாங்கதான், ஆனா அடுத்த வருஷம் அவ வளந்துடுவா. நல்ல மாஸ்க், ஃபின்ஸ் வாங்கிக் குடுங்க.

கேள்வி: பழைய பிசிடி பாதி விலைக்கு வருது, எக்ஸ்எஸ் சைஸ், நம்பி வாங்கலாமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: அந்த சைஸ்ல பழசு கிடைக்கிறதே அபூர்வம், விட்டுடாதீங்க, ஆனா செக் பண்ணாம காசு குடுக்காதீங்க. முழுசா காத்து அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க, காலைல தொட்டா கல்லு போல இருக்கணும். இன்ஃப்ளேட்டர் பட்டனை பத்து தடவ அமுக்கி விடுங்க, ஒரு தடவ மெதுவா திரும்பினாலும் உள்ள உப்பு பிடிச்சிருக்கு, அது கடலுக்கடில சிக்கினா தானா காத்து ஏறி உங்களை மேல தூக்கிடும், சர்வீஸ் பண்ணாம தண்ணில இறங்கவே கூடாது. ஆட்டிப் பாருங்க, உள்ள சரசரன்னு கேட்டா உப்புக்கட்டி, முந்தி வச்சிருந்தவங்க உள்பக்கம் கழுவவே இல்லன்னு அர்த்தம். வாங்கினதும் வாய்க்குழாய் வழியா நல்ல தண்ணி ஊத்தி, காத்தும் கொஞ்சம் விட்டு, எல்லாப் பக்கமும் உருட்டி, டம்ப் வால்வ் வழியா வடிச்சிடுங்க. ஒவ்வொரு டைவுக்கும் அப்புறம் இப்படித்தான். காயப் போடுறது நிழல்ல, பாதி உப்பின நிலைல.