பிட்காயினில் பெரிய நிறுவனங்கள்: நம் கணக்கை யார் யார் பார்க்கிறார்கள்?

கிரிப்டோ (பிட்காயின் போன்ற இணைய நாணயங்கள்) முதலீடும் அந்தரங்கமும் குறித்து மதுரை மற்றும் சுற்றுவட்டார வாசகர்கள் கேட்டவற்றுள் சில கேள்விகளும், வரி ஆலோசகர் என்ற முறையில் என் பதில்களும்.

அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ராக் போன்ற பெருநிறுவனங்களே உள்ளே வந்துவிட்டன. பிட்காயினில் இனி ரகசியம் என்று ஏதாவது மிஞ்சுமா?
*– பலசரக்கு வணிகர், கீழமாசி வீதி*

பிட்காயினில் முழு ரகசியம் ஒருபோதும் இருந்ததில்லை. 2009 ஜனவரியில் தொடங்கியது முதல் இன்றுவரை நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும், எவரும் திறந்து பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதில் இல்லாதது பெயர் மட்டுமே. உசிலம்பட்டிப் பக்கத்து மொய் நோட்டில் பெயர்களை நீக்கிவிட்டு, எண்களை மட்டும் எழுதி ஊர் நடுவே விரித்து வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அது. நிறுவனங்கள் வந்தபின், அந்த எண்களுக்கு நேரே பெயர் எழுதும் வேலை முறைப்படி நடக்கிறது. 2023 மார்ச் 7 அன்று வெளியான மத்திய அரசின் அறிவிக்கை, கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்சுகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அவை வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். பதிவுகளை ஐந்து ஆண்டுகள் காக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு (காயின்களுக்கான மின்பணப்பை) ஒரே ஒரு முறை காயினை மாற்றினாலும், அந்த வாலட்டின் முகவரிக்கு (வங்கிக் கணக்கு எண் போன்றது) முன்பு வந்ததும் இனிமேல் போகப்போவதும் உங்கள் பெயரோடு சேர்ந்துவிடும். இந்தத் தொடர்புகளை ஆராய்ந்து சொல்வதையே தொழிலாகக் கொண்ட செயினாலிசிஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஆகவே சரக்குக்குப் பணமாகக் காயின் வாங்கும் முகவரியையும் சேமிப்பு முகவரியையும் ஒன்றாக வைக்காதீர்கள். ஒன்றாக இருந்தால், உங்களிடம் எவ்வளவு இருப்பு என்பதை உங்களுக்குப் பணம் அனுப்பும் வியாபாரியே பார்த்துவிட முடியும்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் பிட்காயின் இ.டி.எஃப். (பங்குபோல் சந்தையில் வாங்கும் நிதி) வாங்கியிருக்கிறான். அதுவும் இப்படித்தானா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருமங்கலம்*

இல்லை, அம்மா. 2024 ஜனவரி 10 அன்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த இந்த நிதிகளில், காயின்கள் அமெரிக்க எக்ஸ்சேஞ்சான காயின்பேஸ் போன்ற பாதுகாவலர்களிடம் மொத்தமாக இருக்கும்; உங்கள் மகனுக்கென்று பொதுப் பேரேட்டில் தனி முகவரி கிடையாது. அவருடைய தரகு நிறுவனத்துக்கும் அந்நாட்டு வரித்துறைக்கும் மட்டும் எல்லாம் தெரியும். அவர் ஊர் திரும்பி, வரிச் சட்டப்படி இங்கே வழக்கமாக வசிப்பவர் என்ற நிலையை அடைந்தபின், வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் இதைக் காட்ட வேண்டும்.

கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) இல்லாமல் விற்கலாம் என்பதால், டெலிகிராமில் பழக்கமான ஒருவருக்கு யூ.எஸ்.டி.டி. (டாலர் மதிப்பையொட்டிய காயின்) விற்றேன். பணம் வேறொருவர் கணக்கிலிருந்து வந்தது. இப்போது என் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள்.
*– தனியார் நிறுவன ஊழியர், ஒத்தக்கடை*

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பலர், தம்பி. எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தை உங்கள் கணக்கில் போட்டுவிட்டு, காயினை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணில் தெரிவித்ததும், பணம் போன வழியில் உள்ள கணக்குகள் வரிசையாக முடங்கும்.

முதலில் வங்கிக் கிளையில் எழுத்து மூலம் மனு கொடுத்து, புகார் எண், எந்தக் காவல் நிலையம், பிரச்சினைக்குரிய தொகை எவ்வளவு ஆகிய மூன்றையும் எழுத்திலேயே பெறுங்கள். டெலிகிராம் உரையாடல், காயின் அனுப்பியதற்கான பரிமாற்ற எண், பணம் வரவான பக்கம் தெரியும் வங்கி அறிக்கை ஆகியவற்றை விசாரணை அதிகாரிக்கு அனுப்பி, அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோருங்கள். நடவடிக்கை இல்லையென்றால், வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகலாம். உரையாடலை அழித்துவிடாதீர்கள், நீங்கள் உண்மையாகவே விற்றீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்தரங்கத்துக்காகத் தேர்ந்தெடுத்த இந்த வழியால், உங்கள் பெயரும் கணக்கும் முகவரியும் ஒரு காவல் நிலையக் கோப்பில் ஏறியிருக்கின்றன. மூன்றாம் ஆள் கணக்கிலிருந்து பணம் வருகிறது என்றால், அது எவ்வளவு நல்ல விலையானாலும் விற்காதீர்கள்.

என் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் கிரிப்டோ வாங்கியிருக்கிறேன். வீட்டில் தெரிந்துவிடுமா?
*– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வில்லாபுரம்*

உங்கள் சம்பாத்தியத்தில் நீங்கள் சேர்ப்பதை யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. ஆனால் வரித்துறைக்குத் தெரிந்தே ஆகும். 2022 ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கப்படுகிறது, லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். பிடித்த தொகை, ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் உங்கள் பான் எண்ணின் கீழ் வரும். ஆகவே, வருமானவரித் தளத்தில் உங்கள் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதே நீங்கள் பார்க்க வேண்டியது. அண்ணனோ கணவரோ தன் செல்பேசி எண்ணைப் பதிவு செய்து வைத்திருப்பது நம் வீடுகளில் சாதாரணம். சில வரி ஆலோசகர் அலுவலகங்களில் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் கோப்பின் மேலட்டையிலேயே பேனாவால் எழுதி வைத்திருப்பதை இன்றும் பார்க்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எண்ணையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றி, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

வரி கட்ட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நான் கொடுத்த ஆவணங்களை எக்ஸ்சேஞ்சுகள் பத்திரமாக வைத்திருக்குமா?
*– மின்சாதனக் கடை உரிமையாளர், மேலூர்*

நியாயமான கவலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து, வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டைப் படம் ஆகியவற்றைக் குற்றவாளிகள் எடுத்துச் சென்றதாக 2025 மே மாதத்தில் காயின்பேஸ் நிறுவனமே அறிவித்தது. காயின் இருப்பும் வீட்டு முகவரியும் ஒரே ஆளின் கையில் சேர்வது, கடவுச்சொல் திருட்டைவிட ஆபத்தானது. கடவுச்சொல்லை மாற்றலாம், வீட்டை மாற்ற முடியுமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் ஒருமனதாகக் கூறியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. எனினும் நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் கேட்கும் ஆவணங்களைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நான்கைந்து எக்ஸ்சேஞ்சுகளில் கணக்குத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஆதாரும் பானும் கொடுத்து வைக்க வேண்டியதில்லை. ஒன்று போதும். ஆதார் நகல் கேட்கும் இடத்தில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்கிறார்களா என்று கேளுங்கள். பயன்படுத்தாத கணக்கை மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். உங்கள் பெயரையும் இருப்பையும் சரியாகச் சொல்லி, “எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறோம், காயினை இந்த வாலட்டுக்கு உடனே மாற்றுங்கள்” என்று யார் அழைத்தாலும், பேச்சை வளர்க்காமல் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.