ஓவர்ஹீட் ஆன பழைய கொரோல்லாவில் சிலிண்டர் ஹெட்டைத் திரும்ப மாட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

கேட்டவரின் நிலைமை இது: 1990களின் டொயோட்டா கொரோல்லா, 4ஏ-எஃப்இ 1.6 எஞ்சின். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் சூடேறி ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அதன் அடியிலுள்ள எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உட்காரும் அடைப்புத் தகடு) போய்விட்டது. ஹெட்டை மெஷின் ஷாப்பில் கொடுத்து முகம் சமன் செய்து, வால்வும் தேய்த்து வாங்கியாயிற்று. பழைய போல்ட்டையே போடலாமா, கேஸ்கெட்டில் சீலண்ட் தடவலாமா, எந்த வரிசையில் இறுக்குவது என்று கேட்கிறார்.

புது போல்ட் போடுங்கள். சீலண்ட் வேண்டாம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். ஆனால் மாட்டிய ஹெட் சில மாதத்தில் மறுபடி லீக் ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. டார்க் ரெஞ்சை (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) எடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய சுத்தமும் அளவும்தான் விட்டுப்போயிருக்கும். அதனால் அதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் கேஸ்கெட்டின் மேல் ஹெட் மயிரிழை அளவு நகர்கிறது. முகத்தில் ஒரு பள்ளமோ பழைய கேஸ்கெட்டின் துணுக்கோ இருந்தால் அந்த இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

ஹெட்டைச் சமன் செய்பவர்கள் பலர் பிளாக்கைப் பார்ப்பதே இல்லை. பிளாக்கின் மேல்முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்து நீளவாட்டிலும் குறுக்கிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். 0.05 மி.மீ. தகடு எங்கேயும் நுழையக் கூடாது. மெஷின் ஷாப்பிலிருந்து வந்த ஹெட்டுக்கும் அதே அளவுதான். அவர்கள் சொன்னாலும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். மேனிஃபோல்ட் (காற்றும் புகையும் போகும் குழாய்த்தொகுதி) உட்காரும் முகத்தில் 0.10 வரை போகலாம்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட இரும்பு முகத்தில் தட்டையான பிளேடு, அலுமினிய முகத்தில் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர். ஏர் டூலில் மாட்டும் தேய்ப்பு வட்டை பிளாக்கின் மேல் ஓட்டாதீர்கள். அது முகத்தில் கண்ணுக்குத் தெரியாத குழி போடும். வட்டிலிருந்து உதிரும் துகள் ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்னும். சுரண்டும்போது சிலிண்டர்களிலும் ஆயில், தண்ணீர் வழிகளிலும் துணி அடைத்துவையுங்கள். இங்குள்ள ஈரக் காற்றில் துடைத்த இரும்பு முகம் சீக்கிரமே துரு பிடிக்கும். வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்துவிட்டு, கேஸ்கெட் வைக்கும் நேரத்தில் பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள்.

அடுத்து போல்ட் துளைகள். பத்தையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஹெட்டைத் தூக்கியபோது கூலண்டும் ஆயிலும் அவற்றில் வழிந்திருக்கும். துளையின் அடியில் திரவம் தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக இடம் இல்லை. திரவத்தை அமுக்க முடியாது என்பதால் ரெஞ்ச் இறுகிவிட்டதாகக் காட்டும், ஆனால் ஹெட்டின் மேல் பிடிப்பு இருக்காது. இன்னும் பலமாக இழுத்தால் பிளாக்கே விரிசல் விடும். பழைய போல்ட் ஒன்றின் மரையில் நீளவாட்டில் இரண்டு வெட்டு போட்டால் துளையைச் சுத்தம் செய்யும் கருவி தயார். மரை வெட்டும் புது டேப் விடாதீர்கள், அது மரையின் உலோகத்தையே சீவிவிடும். பிறகு காற்றடித்து உலர்த்துங்கள், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

போல்ட்டில் இரண்டு நீளம் உண்டு. 90 மி.மீ. போல்ட்டுகள் இன்டேக் பக்கம், 108 மி.மீ. போல்ட்டுகள் எக்ஸாஸ்ட் பக்கம். மாற்றிப் போட்டுவிட்டுத் தேடுபவர்கள் நிறைய. மரையிலும் போல்ட் தலையின் அடியிலும் லேசாக எஞ்சின் ஆயில் தடவுங்கள், சொட்டக் கூடாது. நீங்கள் கொடுக்கும் டார்க்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது, மிச்சமெல்லாம் உராய்வில் போகிறது. உலர்ந்த போல்ட்டும் எண்ணெய் தடவிய போல்ட்டும் ஒரே எண்ணைக் காட்டினாலும் பிடிப்பு வேறுவேறாக இருப்பது இதனால்தான்.

கேஸ்கெட் உலர்ந்தபடியே உட்கார வேண்டும். பிளாக்கில் ஹெட்டை இடம் மாறாமல் பிடிக்கும் இரண்டு டவல் பின்கள் இருக்கின்றனவா, ஆயில் மேலேறும் துளை கேஸ்கெட்டிலும் திறந்திருக்கிறதா பாருங்கள். ஹெட்டை மேசையில் முகம் கீழாக வைக்காதீர்கள். கேம் (வால்வுகளை அமுக்கித் திறக்கும் தண்டு) மாட்டியிருந்தால் சில வால்வுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வளைந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து நேராக இறக்குங்கள், கேஸ்கெட்டின் மேல் இழுத்துச் சரிக்க வேண்டாம்.

இறுக்கும் முறை இப்படி. நடுப் போல்ட்டுகளில் தொடங்கி சுற்றிச் சுற்றி வெளிப்பக்கம் போய், இரண்டு மூன்று சுற்றில் எல்லாம் 29 நியூட்டன் மீட்டருக்கு வர வேண்டும். 40 நியூட்டன் மீட்டரில் தொடங்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இதற்கு ஆகாது, சின்னது வேண்டும். பிறகு ஒவ்வொரு போல்ட் தலையிலும் எஞ்சினின் முன்பக்கம் பார்த்தபடி பெயின்ட் புள்ளி வையுங்கள். அதே வரிசையில் எல்லாவற்றையும் 90 டிகிரி திருப்புங்கள். மறுபடி ஒரு 90. கடைசியில் பத்துப் புள்ளிகளும் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு போல்ட் மட்டும் எதிர்ப்பே இல்லாமல் லேசாகச் சுற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். பிளாக் மரை உரிந்திருக்கிறது, ஹெலிகாயில் (புது மரையாக அமையும் கம்பிச் சுருள்) போடாமல் மேலே போக முடியாது. டிகிரி முறையில் இறுக்கிய இந்த போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குவது தேவையில்லை.

கேம்களைப் போடும்போது பேரிங் கேப்புகளை ஒரே பக்கத்தில் இறுக்கிவிடாமல் சிறிது சிறிதாக, கேம் மட்டமாகவே இறங்கும்படி 13 நியூட்டன் மீட்டர் வரை கொண்டுவாருங்கள். சாய்ந்து இறுகினால் ஹெட்டின் அந்த ஓரம் வெடிக்கும். கேமில் இரட்டைப் பல் உள்ள கியரை 6 மி.மீ. போல்ட் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் வால்வும் சீட்டும் தேய்க்கப்பட்டிருப்பதால் வால்வு மேலே ஏறி, கேமுக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.15 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 முதல் 0.30 மி.மீ. இருக்க வேண்டும். இதை ஹெட் மேசையில் இருக்கும்போதே பார்த்து ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் வட்டத் தகடு) மாற்றிக்கொள்வது மிக எளிது. விட்டுவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

டைமிங் பெல்ட் மாட்டியதும் கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, குறிகள் திரும்ப நேர்கின்றனவா பாருங்கள். 4ஏ-எஃப்இயில் பெல்ட் தவறினாலும் வால்வு பிஸ்டனில் மோதாது. வேறு எஞ்சின் வைத்திருப்பவர்கள் அதை நம்பி வேலை செய்யக் கூடாது.

ஆயிலும் ஃபில்டரும் உடனே மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டும் புதிது போடுங்கள். இங்கே உறையும் குளிர் இல்லை என்று வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், அலுமினியம் அரித்துப்போகும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, குமிழி அடங்கும்வரை கூலண்ட் ஊற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள். வண்டி வரிசையில் நின்றபோது எஞ்சின் சூடேறியதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார் பார்க்கில் இந்த வேலைக்கு இடமில்லை. காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் தெரிந்த பட்டறையில் ஒரு மூலை கேளுங்கள். வடித்த கூலண்டையும் ஆயிலையும் அவர்களிடமே விடுங்கள். இங்கே வடிகால் நீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

முதல் நாள் ஓட்டிய மறுநாள் காலை, எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு மேல் ரேடியேட்டர் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். இரவு முழுக்க நின்றும் கல்போல இறுகியிருந்தால் சிலிண்டர் வாயு கூலண்டுக்குள் போகிறது. மெத்தென்று இருந்து, கூலண்ட் மட்டமும் இறங்காமல் இருந்தால் கேஸ்கெட் பிடித்துவிட்டது.