லுத்தரன் சபையில் சமூகப் பணியைத் தொடங்க என்னென்ன வளங்கள் உதவும்?

சபையில் புதிதாக ஒரு சேவைக் குழு அமைத்திருப்பதாகவும், கையிருப்பு குறைவு என்பதால் எதைப் படிப்பது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகள் ஒரு சபையின் உதவிக் குழுவில் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் வளம் உங்கள் வீட்டிலேயே இருக்கும்: நம் சபை மரபைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், அதாவது விசுவாச அடிப்படைகளைக் கேள்வி-பதிலாகச் சொல்லும் நூல். திடப்படுத்தல் வகுப்பில் ஒப்பித்துவிட்டு மூடி வைத்த அதே புத்தகம்தான். அதில் பத்துக் கட்டளைகளில் ஐந்தாம் கற்பனையின் விளக்கத்தை மறுபடி வாசியுங்கள். 'கொலை செய்யாதிருப்பாயாக' என்பதைப் பிறனுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதோடு லுத்தர் நிறுத்துவதில்லை. அவனுடைய சரீரத் தேவைகள் எல்லாவற்றிலும் உதவ வேண்டும் என்கிறார். குழுவின் நோக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. அந்த வரியே போதும்.

அடுத்து, லைஸ்னிக் என்ற ஜெர்மானியச் சிற்றூரின் கதை. 1523இல் அந்தச் சபையார் பொதுப் பெட்டி ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஆலய வருமானம் அதில் சேரும். போதகரின் சம்பளம், பள்ளிக்கூடம், ஏழைகள், அனாதைகள், முதியோர் என எல்லாச் செலவும் அதிலிருந்து நடக்கும். அதன் ஒழுங்குமுறைக்கு லுத்தரே முன்னுரை எழுதினார். என்னைக் கவர்ந்தது பெட்டியின் பூட்டு. நான்கு பூட்டுகள், நான்கு சாவிகள்: பிரபுக்களுக்கு ஒன்று, நகர மன்றத்துக்கு ஒன்று, நகர மக்களுக்கு ஒன்று, கிராமத்து விவசாயிகளுக்கு ஒன்று. விவசாயி வராமல் பெட்டி திறக்காது! நகர மன்றம் சொத்துகளை ஒப்படைக்க மறுத்ததால் லைஸ்னிக்கில் திட்டம் தடுமாறியது உண்மைதான். ஆனாலும் அந்த நான்காவது சாவியை என்னால் மறக்க முடியவில்லை.

காரணம், எங்கள் குழுவில் அந்தச் சாவி இல்லை. வசதியுள்ள ஏழு பேர் உட்கார்ந்து, ஏழைக் குடும்பங்களுக்குப் போர்வை கொடுக்கத் தீர்மானித்தோம். காணிக்கை எடுத்தோம், வாங்கினோம், மேடையில் வைத்துக் கொடுத்தோம். சில வாரங்கள் கழித்து, வாங்கிச் சென்ற ஒரு தாய் என்னிடம், "ஐயா, போர்வை வீட்டில் இருக்கிறது. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள்தான் இல்லை" என்றார். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வார நாட்களில் ஆலயக் கூடம் பூட்டியே கிடந்தது. அந்தத் தாயைக் குழுவில் சேர்த்த பிறகுதான் மாலை வகுப்பு பிறந்தது. அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை.

ஆகவே, திட்டம் போடுவதற்கு முன்பு ஒரு நோட்டில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். சபையாருக்கு என்னென்ன தொழில் தெரியும் என்பது ஒன்று: தாதியர், கணக்கர், தச்சர், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர். அக்கம்பக்கத்தார் தங்கள் வாயால் சொன்ன தேவைகள் மற்றொன்று. இரண்டாவதை ஊகித்து எழுதாதீர்கள். வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். சேவைப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, அதைச் சபை முன் வாசியுங்கள்.

பிள்ளைகளுக்கான பணி என்றால், ஹாம்பர்கில் யோஹான் ஹின்ரிக் விகெர்ன் 1833இல் தொடங்கிய 'ரவுஹெஸ் ஹவுஸ்' என்ற சிறுவர் இல்லத்தைப் பற்றிப் படியுங்கள். ஆதரவற்ற சிறுவர்களைப் பெருங்கூட்டமாக அடைத்து வைக்காமல், குடும்பம் போன்ற சிறு குழுக்களாக வளர்த்தார். (கிறிஸ்து பிறப்பு எத்தனை நாளில் என்று கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பிள்ளைகளுக்காக அவர் செய்த மெழுகுவர்த்திச் சக்கரம்தான், கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்களில் இன்று நாம் ஏற்றும் அட்வென்ட் வளையமாக வளர்ந்தது.)

உதவி பெறுகிறவர் ஆராதனைக்கு வர வேண்டுமா என்று உங்கள் குழுவிலும் யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். கிருபையைச் சம்பாதிக்க முடியாது என்று பிரசங்கிக்கிற நாம், அரிசிக்கு வருகைப் பதிவு கேட்கக் கூடாது. அந்த நிபந்தனையை எழுத்திலேயே விலக்கிவிட்டு, முதல் கூட்டத்துக்கு உதவி பெறும் குடும்பங்களிலிருந்து இரண்டு பேரையாவது அழையுங்கள். வாக்குரிமையோடு.