வீணாகிப்போனவரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செலோக்காரர் ஆல்ஃப்ரெடோ பியாட்டி, வயலின் இனத்தைச் சேர்ந்த அந்தப் பெரிய வாத்தியத்தில் தனியாக வாசிக்க எழுதிய 12 காப்ரிஸ்களை இப்போதுதான் கேட்டேன். அசந்துபோனேன். வயலின் மேதை பாகனினிபோலச் செலோவில் ஆகியிருக்க வேண்டியவர், லண்டனில் நால்வர் குழுவில் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ) பக்கவாத்தியம்போல உட்கார்ந்தே வீணாகிவிட்டாரே! வறுமையில் செலோவையே விற்றாராமே? எந்தப் பதிவைக் கேட்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

பதிவுகளை நீங்களே தேடிக்கொள்ளுங்கள், நல்லவை இருக்கின்றன. செலோவை விற்றது உண்மைதான். பெர்காமோவில் 1822இல் பிறந்தவர், மிலானில் படித்துவிட்டு ஊர் ஊராக வாசித்துப் போனபோது ஹங்கேரியின் பெஸ்ட் நகரில் நோயில் விழுந்தார். வாத்தியம் கைவிட்டுப் போயிற்று. 1843இல் மியூனிக்கில் பியானோ மேதை லிஸ்ட் தன் கச்சேரியில் அவரைச் சேர்த்துக்கொண்டார். பிறகு பாரிஸில் புகழ்பெற்ற அமாத்தி குடும்பத்தார் செய்த ஒரு செலோவையே கொடுத்தார். சரி, இது எல்லாரும் சொல்லும் கதை.

என்னைச் சுட்டது ‘வீணாகி’ என்ற சொல். கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்து சரியாக அங்கே கை வைத்தீர்கள்.

ஒருமுறை நால்வர் குழுவின் ஒத்திகையில் செலோக்காரருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவர் தன் தாளைப் பார்க்கவே இல்லை. முதல் வயலின்காரரின் வில் நுனியையே பார்த்தபடி, ஒரே ஒரு தந்தியை விரலால் சுண்டினார். அந்தச் சின்ன ஒலியில் மற்ற மூவரின் மூச்சும் மாறியதை என் கண்ணால் பார்த்தேன். இதையா பக்கவாத்தியம் என்கிறீர்கள்?

தனி வாசிப்புதான் பெரிதென்றால் அதிலும் பியாட்டிக்குக் குறைவில்லை. 1847இல் லண்டனில் அரங்கேறிய ‘இ மஸ்னாதியேரி’ ஓபராவின் (இசை நாடகத்தின்) முன்னிசையை அவர் வாசிப்பதற்கென்றே எழுதினார் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி. திரை தூக்குமுன் அந்த ஒரு செலோதான் பாடுகிறது. 1866இல் ஆங்கில இசையமைப்பாளர் சல்லிவன் அவருக்காக ஒரு கான்செர்ட்டோ, அதாவது தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, எழுதினார். இவ்வளவு கிடைத்தவர், 1859 முதல் கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலின் பாப்புலர் கச்சேரிகளில் நால்வரில் ஒருவராக உட்கார்ந்தார் என்றால், அது விரும்பி உட்கார்ந்தது. அங்கே அந்தக் காலத்தில் ஒரு ஷில்லிங் கொடுத்தால் சாதாரண ஜனங்களும் பெத்தோவன் கேட்க முடிந்தது. பக்கத்தில் வயலின் மேதை யோவாக்கிம். இருவரும் லண்டனில் முதலில் வாசித்தது ஒரே 1844இல். 1894இல் 50 ஆண்டு விழாவையும் இருவருக்கும் சேர்த்தே எடுத்தார்கள். எத்தனை சங்கீதக்காரர்களுக்கு அப்படி ஒரு தோழமை வாய்த்திருக்கிறது, சொல்லுங்கள்.

பியாட்டியிடம் புகழ்பெற்ற வாத்தியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1720இல் செய்த செலோ ஒன்று இருந்தது. செலோவைத் தரையில் ஊன்றும் கம்பி பரவிய பிறகும் அவர் பழைய முறைப்படி இரு கெண்டைக்கால்களுக்கு நடுவில் தாங்கித்தான் வாசித்தார். இரண்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். காப்ரிஸ் கேட்டு அசந்துபோகிற காது உங்களுக்கு இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். ஒரு வாரம் அவற்றை ஒதுக்கிவிட்டு பெத்தோவன் நால்வர் குழுவுக்கு எழுதிய ஓபஸ் 59, முதல் குவார்டெட்டைப் போடுங்கள். தொடக்கத்தில் மெட்டு செலோவிடம்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் முதல் வயலின் அதை வாங்கிக்கொள்ளும். அப்போது வயலின் பின்னால் போகாமல், செலோ என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.