கடையில் ஜோடி என்று கொடுத்த கிரிபென்சிஸ் மீன்களில் ஆண், பெண்ணைக் கடித்துக் குதறுகிறது. தர்மபுரியில் போர் தண்ணீர். என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் 2 அடி தொட்டி, உள்ளே ஒரே ஒரு பானைத் துண்டு, கடையில் ஜோடி என்று பிடித்துக் கொடுத்த இரண்டு மீன், பெண் வால் கிழிந்து ஹீட்டருக்குப் பின்னால் மேல் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், முதலில் அந்தப் பெண்ணைத் தனியாக எடுங்கள். பக்கெட் போதும். அதே தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஒரு ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடுகிற கல்) போட்டு, குதித்துவிடாமல் மேலே ஒரு தட்டைச் சாய்த்து மூடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சரி. கடையில் ஜோடி என்றால் பெரும்பாலும் ஒரு ஆண், ஒரு பெண், அவ்வளவுதான். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, சென்னை கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த மீன்கள் மொத்தமாக நீந்துகிற தொட்டிக்குள் வலையை விட்டு ஆண் பெண் சரியாகப் பார்த்துப் பிடித்துக் கொடுப்பதே பெரிய விஷயம். பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டிவைக்க இது நம் வீட்டுக் கல்யாணம் கிடையாது, இந்த மீன்கள் தாங்களே பார்த்து, ஒரு சுற்றுச் சண்டையும் போட்டு, ஒத்துக்கொண்டால்தான் சேரும். ஒத்துக்கொள்ளாவிட்டால் நாம் என்ன தீனி போட்டாலும் நடக்காது. முதலில் அது பெண்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: ஆண் 10 செ.மீ. வரை வளரும், முதுகுத் துடுப்பின் பின்முனை கூராக நீண்டிருக்கும், வாலின் நடுப்பகுதி சற்று வெளியே துருத்தியிருக்கும். பெண் 7 செ.மீ. அளவில் குட்டையாக, வயிறு புடைத்து, வயிற்றில் செர்ரிச் சிவப்பு. இரண்டுமே ஆணாக இருந்தால் கீழே சொல்லியிருக்கும் எதுவும் வேலைக்கு ஆகாது.

ஏன் கடிக்கிறது என்றால், கிரிபென்சிஸ் தெற்கு நைஜீரியா பக்கத்து ஓடைகளில் வாழும் மீன், பொந்துக்குள் முட்டையிடும் ஜாதி. ஆணுக்கு ஒரு பொந்து கிடைத்துவிட்டால் சுற்றியுள்ள இடம் முழுக்க அதனுடையது. முட்டையிடத் தயாராகாத பெண் அங்கே நின்றால் அதன் கணக்கில் அது அத்துமீறி வந்த இன்னொரு மீன். ஓடையில் இரண்டு விரட்டு விரட்டினால் பெண் போய்விடும், கதை முடிந்தது. உங்கள் தொட்டியில் அது எங்கே போகும்? 2 அடி நீளத்தில் எந்த மூலைக்கு ஓடினாலும் ஆணின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், அதனால் அதுவும் விரட்டிக்கொண்டே இருக்கும்.

விரட்டுவதெல்லாம் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள், இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். சேரப்போகிற மீன்களும் விரட்டிக்கொள்ளும், வாயோடு வாய் கவ்வி இழுத்துப் பார்க்கும். பார்க்க வேண்டியது ஆணை அல்ல, பெண்ணை. தயாரான பெண் தானாகவே வரும், இந்த இனத்தில் முதலில் கூப்பிடுவது பெரும்பாலும் பெண்தான். ஆணுக்கு முன்னால் குறுக்கே வந்து நின்று, தலையையும் வாலையும் ஒரே பக்கமாக வளைத்து, சிவந்த வயிறு நன்றாகத் தெரிகிற மாதிரி திருப்பிக் காட்டி, உடம்பு முழுக்க நடுங்கும். விரட்டினால் ஒரு முழம் போய்த் திரும்பி வந்து மறுபடி அதையே செய்யும். அப்படித் திரும்பி வந்தால் விட்டுவிடுங்கள், தலையிடாதீர்கள். துடுப்புகளை மடக்கிக்கொண்டு, நிறம் வெளுத்து, மேல் மட்டத்திலேயே கிடந்து, தீனி போட்டாலும் இறங்கி வராத பெண் அடி வாங்குகிற பெண். உங்களுடையது இந்த இரண்டாவது வகை.

வால் ஆறி, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து, வயிறு மறுபடி சிவந்த பிறகு அதே தொட்டியில் நடுவே தடுப்பு வைத்து விடுங்கள். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிற கெட்டியான கட்டம் போட்ட பிளாஸ்டிக் வலை போதும். ஸ்டேஷனரி கடையில் ஸ்டிக் ஃபைல் வாங்கி, அதன் பிளாஸ்டிக் பட்டையை மட்டும் உருவி, இரண்டு பக்கக் கண்ணாடியிலும் அக்வேரியம் சிலிக்கான் வைத்து ஒட்டிக் காயவிட்டால் வலையைச் சொருகி எடுக்க வசதியான சட்டம் தயார் (சிலிக்கான் ஒட்ட தொட்டி காய்ந்திருக்க வேண்டும், அதனால் ஒருநாள் ஆணுக்கும் பக்கெட்தான்). இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும், கடிக்க முடியாது. பெண் வலைக்குப் பக்கத்தில் வந்து வளைந்து காட்டத் தொடங்கினால் வலையின் கீழ்ப்பகுதியில் ஒரு ஓட்டை போடுங்கள், பெண் நுழையும் அளவுக்கு, ஆண் நுழைய முடியாத அளவுக்கு. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. எப்போது போவது, எப்போது தப்பித்து வருவது என்பது முழுக்கப் பெண்ணின் கையில். பெண் அந்தப் பக்கமே தங்கிவிட்டால் வலையை உருவி எடுத்துவிடலாம்.

அதற்குள் தொட்டியின் அமைப்பையும் மாற்றியிருக்க வேண்டும். ஒரே ஒரு பானைத் துண்டு வைத்தால் அதற்கு ஒரே ஒரு முதலாளிதான் இருப்பார். குறைந்தது மூன்று பொந்து வையுங்கள். கொட்டாங்குச்சியை நாரெல்லாம் சுரண்டி, கொதிக்கவைத்துச் சாயம் போனபின் கவிழ்த்து, விளிம்பில் பெண் நுழையும் அளவுக்கு மட்டும் வாசல் வெட்டினால் போதும், வாசல் சிறிதாக இருந்தால் பெண்ணுக்கு இன்னும் பிடிக்கும். நடுவில் பார்வையை மறைக்கக் கல். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைகளில் ஓரத்துண்டுகள் குவிந்து கிடக்கும். கிரானைட் தண்ணீரின் தன்மையை மாற்றாது, கூர்முனையை மட்டும் தேய்த்துவிடுங்கள். மார்பிள், சுண்ணாம்புக்கல் வேண்டாம். கல்லை மணலுக்கு மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியின் மேலேயே உட்காரவைத்துவிட்டு அப்புறம் மணல் போடுங்கள், ஏனென்றால் இவை அடியில் தோண்டும், கல் சரிந்தால் மீனும் போகும் கண்ணாடியும் போகும்.

கூடவே ஐந்தாறு ஜீப்ரா டேனியோ விடுங்கள். மேல்மட்டத்தில் வேகமாக ஓடுகிற மீன், சுலபத்தில் கடி வாங்காது, ஆணின் கோபம் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பும். பொதுவான எதிரி இருந்தால் ஜோடி சீக்கிரம் இறுகும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் என்றால் ஃபுளோரைடு அதிகம் என்ற பேச்சு வந்துவிடும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் வந்தது, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். மீன் வளர்ப்பில் அதைவிட முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. கிரிபென்சிஸ் இதில் பெரிதாக அலட்டிக்கொள்ளாது, ஓரளவு கடின நீரிலும் நன்றாக வாழும், முட்டையும் இடும். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் குளோரின் நீக்கும் மருந்து போட்டு அதையே பயன்படுத்துங்கள். போர் மட்டும்தான் என்றால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அதே விகிதம். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் ஒன்று என்று மாற்றுவதுதான் மீனைக் கொல்லும். இன்னொன்று, இந்த இனத்தில் குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பதில் தண்ணீரின் பிஎச் அளவுக்கும் பங்கு உண்டு, அமில நீரில் ஆண்கள் அதிகமாகும். வெப்பம் இப்போதைக்கு 25 டிகிரியில் இருக்கட்டும், ஏற்றினால் ஆணின் வேகமும் ஏறும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஹீட்டரை அணைக்காதீர்கள்.

கிரிபென்சிஸை விட்டு ராம், அப்பிஸ்டோகிராமா என்று வேறு சிறு மீன்களுக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ராமுக்கு 27 டிகிரிக்கு மேல் வெப்பமும் மென்மையான நீரும் வேண்டும், வெறும் போர் தண்ணீரில் என் வாக்கு வேண்டாம் என்பதுதான். அப்பிஸ்டோகிராமாவில் கக்கட்டுவாய்டிஸ் என்ற இனம் ஓரளவு தாங்கும், ஆனால் அது ஜோடி மீனே அல்ல, ஒரு ஆணுக்குப் பல பெண்கள், ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எல்லை. 2 அடியில் அதற்கு இடம் போதாது.

முட்டை போட்டுவிட்டால் ஆட்டம் தலைகீழாகும். பெண் பொந்தைவிட்டு வெளியே வராது, ஆண் வெளியே காவல் நிற்கும், கிட்டே போனால் பெண் ஆணையே கடிக்கும். மூன்று நாளில் பொரிந்து, இன்னும் நான்கைந்து நாளில் குஞ்சுகள் நீந்தி வெளியே வரும், அதுவரை டார்ச் அடித்து எட்டிப் பார்க்காதீர்கள், பயந்தால் தின்றுவிடும். முதல் ஈடு எப்படியும் பெரும்பாலும் தின்னப்படும், அதற்காக ஜோடியைப் பிரிக்க வேண்டாம். ஆணின் துடுப்பு கிழியத் தொடங்கினால் மட்டும் ஆணைத் தனியாக எடுங்கள், பெண் ஒன்றே குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும்.

ஓட்டை போட்ட வலை வைத்தும் பெண் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால் இந்த இரண்டையும் மறந்துவிடுங்கள். இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, 3 செ.மீ. அளவில் ஆறு குட்டிகள் வாங்கி ஒன்றாக வளருங்கள். வளர்ந்து வரும்போது இரண்டு மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் அண்டவிடாமல் துரத்தும், அதுதான் உங்கள் ஜோடி. அன்றைக்கே மற்ற நான்கையும் வெளியே எடுத்துவிடுங்கள், 2 அடி தொட்டியில் மறுநாள் வரைகூட விட்டுவைக்க முடியாது.